ஆறு நூல்

நூல் மேஸ்திரிக்கு அந்தப் பெயர் வந்தது நூல் பிடித்துச் சுவர் கட்டியதால் அல்ல; பிடிக்காமல் கட்டியதால். கட்டட வேலையில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கை நூல் என்பார்கள். மற்ற கொத்தனார்கள் கயிற்றில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்டுபிடிப்பதை, அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொல்லிவிடுவார். "அந்த மூலை ரெண்டு நூல் வெளிய போகுது." குண்டைப் போட்டுப் பார்த்தால் இரண்டு நூல் இருக்கும். ஒரு முறை தெருவில் போகும்போது மின்கம்பம் ஒன்றை நின்று முறைத்தார். அடுத்த வாரம் மின்வாரிய ஆட்கள் வந்து அதை நிமிர்த்தினார்கள். கம்பமே மனுக் கொடுத்திருக்கும் என்று பேச்சு. கோணல் காலோடு பிறந்த ஒரு நாய் அவர் வேலை செய்த இடத்தில் மூன்று மாதம் படுத்துக் கிடந்துவிட்டு நேராக நடந்து போனதாகவும் சொல்வார்கள். நாயைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. கம்பம் இருக்கிறது.

அவருக்குப் பத்தொன்பது வருஷம் கலவை சுமந்தவள் அவர் மனைவி. வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் சட்டியக்கா. கலவைச் சட்டி தலையில் இல்லாமல் அவளைப் பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியாது. இருவரும் வேலை நேரத்தில் பேசிக்கொள்வதில்லை. அவர் "ம்" என்றால் கல். "ம்ம்" என்றால் கலவை. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் பார்த்தால் தண்ணீர். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கல்லுக்குத் தண்ணீர் போனதில்லை.

மேஸ்திரி விழுந்தது ஒரு மழைக்கால முற்பகலில். இரண்டாம் தளத்துச் சாரம், ஈரப்பலகை, வழுக்கிய கால். மணற்குவியல் மேல் விழுந்ததால் பிழைத்தார். தோள்பட்டையில் விரிசல், காதோரம் ஒரு வீக்கம். எலும்பைக் கட்டி, தலையைப் படம் எடுத்து, நல்ல நேரம் என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். முதல் நாள் மாடிப்படிக்குப் பக்கத்தில் நாலடி உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார். மறுநாள் காலை இன்ஜினியர் குண்டைப் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் வலது பக்கம் சாய்ந்திருந்தது.

"குண்டு சரியில்ல" என்றார் மேஸ்திரி. வேறு குண்டு வந்தது. "கயிறு முறுக்கிக்கிட்டிருக்கு." வேறு கயிறு வந்தது. "காத்தடிக்குது." அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ, "காலையிலேயே ஊத்திட்டு வந்துட்டாரு போல" என்றார்கள். இருமல் மருந்தைத் தவிர எதையும் ஊற்றியறியாத மனிதர். கடப்பாரை சுவருக்குள் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கலவை பூசும் கரணையைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டார். வீட்டுக்கு வந்தவர் பிறகு வாசலைத் தாண்டவில்லை.

எட்டு மாதம் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்தது. தட்டில் போட்ட சோற்றில் பாதி தட்டிலேயே இருந்தது. தினமும் காலையில் எழுந்து சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கொஞ்சம் திருகி வைப்பார். சாயந்திரம் வேலையிலிருந்து வந்ததும் சட்டியக்கா அதை நேராக்குவாள். ஒருவருக்கொருவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டிலின் இடது பக்கக் கால்களுக்கு அடியில் அவர் ஓட்டுச் சில்லு வைத்தார். அன்றிலிருந்து வலது ஓரத்தில் படுத்த அவள் விடியும்போது தரையில் இருந்தாள். மனுஷனுக்குக் கோபம், அது போகிற வழியில் போகட்டும் என்று விட்டுவிட்டாள். ஒரு நாள் மதியம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது குனிந்து வாயை முகர்ந்து பார்த்தாள். டீ வாசனைதான் வந்தது. தன்னைத் தானே திட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அவள் மற்ற கொத்தனார்களுக்குச் சட்டி தூக்கிக்கொண்டிருந்தாள். பெரிய மருத்துவமனைக் கட்டடம் ஒன்று ஆரம்பித்தபோது வாசலிலேயே மேசை போட்டுப் பதிவு செய்தார்கள். சான்றிதழ் இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் இன்னொரு பக்கம். எழுதுகிறவர் நிமிராமலே கேட்டார். "எத்தனை வருஷம்?" "பத்தொன்பது." "சான்றிதழ்?" "இல்ல." அவள் பெயருக்கு எதிரே 'திறனற்ற தொழிலாளி' என்று எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

இதை வீட்டில் வந்து சொன்னபோது, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மகள் கேட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு தாளோடு வந்தாள்.

"அம்மா, இதுல கையெழுத்துப் போடு."

"என்னது?"

"தொழில்நுட்பக் கல்லூரி பாரம். கொத்து வேலைப் பிரிவு, ஆறு மாசம். வயசு வரம்பு இல்லையாம்."

"எனக்கு எதுக்குடி காலேஜு? தலை நரைச்சாச்சு."

"சிமென்ட் தூசின்னு சொல்லிக்கோ."

மேஸ்திரி சுவரைப் பார்த்தபடியே வாயைத் திறந்தார். "காலேஜ்ல எப்படிக் கட்டுவாங்க தெரியுமா? முதல்ல செங்கல்லைப் பத்தி ரெண்டு பக்கம் கட்டுரை எழுதணும். அப்புறம் செங்கல் சம்மதிச்சா வைக்கணும்."

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றாள் மகள்.

"சும்மாதானே இருக்கேன், எட்டு மாசமா." முகத்தைத் திருப்பாமலே மனைவியிடம் சொன்னார். "அங்க போனா எடுத்ததும் குண்டைத் தொங்கவிடச் சொல்லுவாங்க. குண்டு கண்ணில்லாதவனுக்கு. கண்ணு பழகணும், அதுதான் படிப்பு." பிறகு நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து அவள் பக்கம் திருப்பிப் போட்டார். "போறதுன்னா போ. சாயந்திரம் நான் சொல்லித் தர்றேன்."

அந்த நாற்காலி திரும்பியதற்காகவே சட்டியக்கா கையெழுத்துப் போட்டாள்.

கல்லூரியின் பின்பக்கம் தகரக் கொட்டகை. அதுதான் கொத்துப் பிரிவு. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்கு நடுவே அவள் ஒருத்தி. முதல் நாள் அவளைக் கூட்ட வந்தவள் என்று நினைத்து ஒருத்தி துடைப்பத்தை எடுத்து நீட்டினாள். சட்டியக்கா வாங்கிக் கூட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மாலைக்குள் எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டாள், ஏனென்றால் கலவை எந்தப் பதத்தில் இருக்கவேண்டும் என்பது அங்கே அவளுக்கும் பயிற்றுநருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. பக்கத்துக் கொட்டகையில் குழாய்ப் பிரிவு. முதல்வர் அறைக் குழாய் நான்கு வருஷமாக ஒழுகியது. அதில் பயிற்சி எடுத்தவர்கள் நாலு நாட்டில் வேலையில் இருந்தார்கள். அவர்களுடைய புகைப்படங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தன. குழாய் இன்னும் ஒழுகியது, அடுத்த அணி படிக்க வேண்டுமல்லவா.

கொத்துப் பிரிவில் கட்டுகிற எதுவும் மறுநாள் காலையைப் பார்க்காது. சிமென்ட் போடாமல் சுண்ணாம்பும் மணலும் குழைத்துக் கட்டுவார்கள். நாலு மணிக்கு மணியடித்ததும் அளந்து குறித்துக்கொண்டு, பிரித்து, ஒட்டியதைச் சுரண்டி, கல்லைத் தொட்டித் தண்ணீரில் போட்டுவிட்டுப் போகவேண்டும். ஆறு மாதத்தில் ஒரு நகரத்துக்கு வேண்டிய சுவர் அந்தக் கொட்டகையில் எழுந்து விழும். ஒரு கோழிகூட அதன் நிழலில் ஒதுங்கியதில்லை.

சாயந்திரம் வீட்டுக் கொல்லையில் இரண்டாவது வகுப்பு. சேற்றைக் குழைத்துப் பழைய கற்களை அடுக்குவாள். மேஸ்திரி நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டு உட்காருவார்.

"மூலை இடது பக்கம் சாயுது. வலது பக்கம் தள்ளு."

"எவ்ளோ?"

"ஒரு நூல். இன்னும் கொஞ்சம். ம்."

"எனக்கு நேரா இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு."

"உனக்குக் கண்ணு இன்னும் தொறக்கல. பாரு. நான் 'ம்' சொன்னப்ப எப்படி இருந்துச்சோ அதை மனசுல போட்டு வை."

போட்டு வைத்தாள். பத்தொன்பது வருஷமாக அந்த 'ம்'முக்கு வேலை செய்த உடம்பு. இரண்டு வாரத்தில் அவர் சொல்வதற்கு முன்பே அவளுக்கும் மூலை இடது பக்கம் சாய்வது தெரிய ஆரம்பித்தது. "பரவால்ல, கத்துக்கிட்டே" என்றார். அன்று தாடியை மழித்தார். இரண்டாம் முறை சோறு கேட்டார். மகள் அடுப்படியில் அம்மாவின் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

மூன்றாம் வாரம் பயிற்றுநர் அவள் சுவருக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தார். முப்பது வயதுப் பெண். எல்லோருக்கும் மேடம். பத்து வருஷம் கட்டடத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். குண்டைத் தொங்கவிட்டு அளந்தார், பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார், மறுபடி அளந்தார்.

"அக்கா, இங்க வாங்க. இன்னைக்கு மூணடிச் சுவத்துக்கு ஆறு நூல் வலது பக்கம். நேத்து ஆறு. அதுக்கு முன்னாடி அஞ்சரை. போன திங்கட்கிழமை ஆறு."

"இனிமே சரி பண்ணிடுறேன் மேடம்."

"நான் திட்டல. மத்த பிள்ளைங்க சுவரு ஒரு நாள் இந்தப் பக்கம் போகும், ஒரு நாள் அந்தப் பக்கம் போகும். தெரியாம பண்ற தப்பு அப்படித்தான் இருக்கும். நீங்க தப்பை அளந்து பண்றீங்க. இவ்ளோ சுத்தமா ஒரு தப்பை நான் பார்த்ததே இல்ல. ஏன் குண்டே போட மாட்டேங்குறீங்க?"

சட்டியக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். "வீட்டுல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அவங்கதான் சாயந்திரம் பார்த்து சொல்லித் தர்றாங்க."

"அவருக்கு ஏதாவது அடிபட்டுச்சா?"

"சாரத்துல இருந்து விழுந்தாங்க. தோள்ல. காது ஓரத்துலயும் கொஞ்சம்."

மேடம் பதிவேட்டை மூடினார். "என்கூட வேலை பார்த்த ஒருத்தருக்கு இப்படி ஆச்சு. நம்ம காதுக்குள்ள ஒரு ரசமட்டம் இருக்குக்கா. நாம வச்சிருக்கிற மட்டத்துல குமிழ் ஓடுற மாதிரி, அதுக்குள்ளயும் ஒரு தண்ணி ஓடும். அதுல அடிபட்டா கண்ணு நல்லாத்தான் இருக்கும், ஆனா உலகமே ஒரு பக்கம் சாய்ஞ்ச மாதிரி தெரியும். அவருக்குத் தான் தப்பா பார்க்குறோம்னே தெரியாது."

பேருந்தில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வந்தாள். காலண்டர் நினைவுக்கு வந்தது, கட்டில் வந்தது, முகர்ந்து பார்த்த மதியம் வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்த்தான் கவனித்தாள். நடந்து திரும்பினாள். சொல்லாமல் விட்டால் மனிதர் உட்கார்ந்து சோறாவது தின்பார். சொன்னால் மிச்சமிருக்கிற அந்த ஒரு நாற்காலியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். சொல்லாமல் விட்டால், தன் கண்ணும் சேர்ந்து கோணிக்கொண்டே போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி ஊறவைக்கும் அகலத் தொட்டியைக் கொண்டுபோய்க் கொல்லையில் சிமென்ட் மேடை மேல் வைத்து, விளிம்புக்கு ஒரு விரல் குறைய நீர் நிரப்பினாள். தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து அவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்த மேடை மட்டமா இருக்கா பாருங்க."

அவர் பார்த்தார். "இல்ல. இடது பக்கம் இறங்கியிருக்கு. யாரு போட்ட மேடை இது?"

"நீங்கதான்."

"அப்போ மண்ணு இறங்கியிருக்கு." ஒரு சில்லைத் தேடி எடுத்துத் தொட்டிக்கு இடது பக்கம் அடியில் சொருகினார். எட்டி நின்று பார்த்தார். இன்னொன்றைச் சொருகினார். "ம். இப்ப தொட்டி நேராச்சு."

"தண்ணிய பாருங்க."

தண்ணீர் வலது விளிம்பைத் தாண்டி மெல்லிய தகடாக வழிந்துகொண்டிருந்தது. அவர் கண்ணுக்குத் தொட்டி நேராக இருந்தது. அதற்குள்ளே தண்ணீர் வலது பக்கம் ஏறி, இடது பக்கம் தாழ்ந்து, சரிவாக நின்றது. சரிவாக நிற்கிற தண்ணீரை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. குண்டைக் குறை சொல்லலாம், கயிற்றைக் குறை சொல்லலாம், காற்றைக்கூட வரவழைக்கலாம். உட்கார்ந்தார். விரலைத் தண்ணீரில் வைத்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை இழுத்தார். தலையை வலது பக்கம் சாய்த்துப் பார்த்தார், இடது பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"தண்ணி சாயுதே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டுமா?"

"உங்களுக்கு மட்டும்தாங்க."

நனைந்த விரலைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அந்த மாடிப்படிச் சுவரு?"

அவரே தலையை ஆட்டிக்கொண்டார். வழிந்த தண்ணீர் இருவர் கால்களையும் நனைத்துக்கொண்டு போனது.

"எவ்ளோ?"

"மூணடிக்கு ஆறு நூல். மேடம் அளந்து எழுதி வச்சிருக்காங்க. எப்பவும் ஆறுதானாம்."

காது மருத்துவரும், மேடம் சொன்னதையே வேறு வார்த்தைகளில் சொன்னார். தலையை அசைத்துச் செய்யும் பயிற்சிகள் கொடுத்தார். ஒரு வருஷத்தில் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். மேஸ்திரி பயிற்சிகளை மணி தவறாமல் செய்தார். ஆனால் கொல்லைப் பக்கம் வரவில்லை. அவள் தனியாகக் குண்டைத் தொங்கவிட்டு அடுக்கினாள். நாற்காலி மறுபடி எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. தினமும் ஒரு தடவை அந்த முதுகைப் பார்த்து, தண்ணீரைக் காட்டாமல் இருந்திருக்கலாமோ என்று நினைப்பாள். காலண்டரை அவர் இப்போது திருகுவதில்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

தேர்வு வந்தது. நாலு மணி நேரத்தில் மூன்றடி உயர மூலைச் சுவர், பன்னிரண்டு வரிசை. ஒவ்வொருவரும் கல் எடுத்துக் கொடுக்க ஓர் உதவியாளை அழைத்து வரலாம். உதவியாள் வாயைத் திறக்கக்கூடாது. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் தேர்வு ரத்து. மருத்துவமனைக் கட்டடத்தில் கொத்தனார்களைச் சேர்ப்பது அந்த மாதத்தோடு முடிகிறது.

"யாரைக் கூட்டிட்டுப் போறே?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள் மகள்.

"யாராவது ஒரு சித்தாளைக் கேக்கணும்."

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "கல்லு எடுத்துக் குடுக்க மட்டம் பார்க்கத் தெரியணுமா?"

"அப்பா, நாலு மணி நேரம் பேசாம இருக்கணும். உங்களால முடியாது."

"உங்கம்மா பத்தொன்பது வருஷம் இருந்தா."

சட்டியக்கா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "நீங்க வந்தா எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். பேசுவாங்க."

"பேசட்டும். நான்தான் பேசக்கூடாது."

தேர்வன்று வெயில் தகரத்தைக் காய்ச்சியது. மேஸ்திரி கலவையைக் குழைத்து வைத்துவிட்டு, ஊறிய கற்களை வாகாக அடுக்கிவைத்தார். முதல் வரிசையில் ஒவ்வொரு கல்லையும் இரண்டு தடவை எடுத்து வைத்தாள். மூன்றாம் வரிசையில் ஒரு தடவையே போதுமாக இருந்தது. கலவை தேவைப்படும்போது திரும்பினால் கலவை இருந்தது, கல் தேவைப்படும்போது கல் இருந்தது. ஒரு தடவை காரணமில்லாமல் திரும்பினாள். தண்ணீரை நீட்டினார்.

ஏழாம் வரிசையில் அவளுக்கு மூலை இடது பக்கம் சாய்வதாகத் தெரிந்தது. குண்டைப் போட்டாள். கயிறு மேலிருந்து கீழே ஒட்டி நின்றது. மறுபடி பார்த்தாள். கண் சாய்கிறது என்றது, கயிறு இல்லை என்றது. அவர் கொடுத்த கண். அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு இதைவிட மோசமாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவர் வலது கை தானாக எழுந்து, மூலையைத் தள்ளப் போவதுபோல் வந்தது. பாதியில் நின்றது. விரல்கள் மடங்கின. விழப்போகிற சுவர் என்று எந்தக் கண் சொல்லியதோ, அந்தக் கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தார். கையால் துழாவி அடுத்த கல்லை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கி வைத்தாள். கடைசி ஐந்து வரிசையும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பிள்ளை ஒருவன், கிழவர் நின்றபடியே தூங்குகிறார் என்று நினைத்துச் சிரித்தான்.

மணியடித்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், காதில் பென்சில் சொருகிய பருத்த மனிதர், அவள் சுவருக்கு வந்தார். சுவரின் முகப்பில் குண்டைப் போட்டார், மூலையில் போட்டார், மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். பதிவேட்டில் எழுதினார். போகிறவர் உதவியாளைத் திரும்பிப் பார்த்து நின்றார்.

"பெரியவரே, உங்க கையைப் பார்த்தா சித்தாள் கை மாதிரி இல்லையே. கொத்தனாரா?"

மேஸ்திரி தலையாட்டினார்.

"நேரம் முடிஞ்சிருச்சு, பேசலாம். சுவரு எப்படி இருக்கு, சொல்லுங்க."

மேஸ்திரி கண்ணைத் திறந்தார். இரண்டடி பின்னால் போய் நின்று, தலையை எந்தப் பக்கமும் சாய்க்காமல், மூலையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சட்டியக்கா கரணையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"இடது பக்கம் சாயுதுங்க" என்றார்.

தேர்வாளர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "எவ்ளோ?"

"ஆறு நூல். கூட ஒரு மயிரிழை இல்ல, குறையவும் இல்ல." மேஸ்திரி கையிலிருந்த காய்ந்த கலவையைத் தேய்த்து உதிர்த்தார். "நேராத்தான் கட்டியிருக்கா."